மூன்றாம் மாடியில் ஒரு பியானோ

போன வருஷம் எங்கள் வீட்டுக்கு ஒரு டிஜிட்டல் பியானோ வந்தது. பேத்திக்காக வாங்கினது. அவளுக்குப் பதினோரு வயது. அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி சார்?" என்பதுதான். யமஹா, ரோலண்ட், காசியோ, கவாய் என்று நாலு ஜப்பான் கம்பெனிகள் இந்தத் தொழிலில் பெரிய பெயர்கள். நாலிலும் நல்ல சாமான் இருக்கிறது. ஃப்ளாட்டில் குடியிருப்பவர் கம்பெனியைக் கடைசியில் பார்த்தால் போதும் என்பது என் கட்சி. முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: வாசிப்பவர் விரல், கீழ்வீட்டுக்காரர் தூக்கம்.

இதில் இலவசமாக வந்த ஒரு பியானோவை வேண்டாம் என்று சொன்ன கதையும் இருக்கிறது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

என்னோடு பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நண்பன் ஒருவன் எழுபதுகளில் பிரான்ஸ் போய் அங்கேயே தங்கிவிட்டான். புதுச்சேரியில் அவனுடைய பூர்வீக வீடு பூட்டியே கிடந்தது. அதை விற்க வந்தபோது கூடத்தில் அவன் அம்மாவின் பியானோ நின்றுகொண்டிருந்தது. சுவரோடு ஒட்டி நிற்கும் வகை. முன்பக்கம் மெழுகுவத்தி செருகும் பித்தளைத் தாங்கி இரண்டு. மூடியின் உள்ளே 'பாரிஸ்' என்று எழுத்து. அவன் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த பத்து நாளும் பேத்தி என்னோடு வந்து அதில் உட்கார்ந்துவிடுவாள். பல கட்டைகள் பேசவில்லை. பேசினவையும் சுருதி இறங்கியிருந்தன. இருந்தாலும் அவள் எழுந்திருக்க மாட்டாள்.

"எடுத்துட்டுப் போடா. காசா கேக்கறேன்? புள்ள வாசிக்கட்டும்" என்றான்.

நான் முப்பத்து நாலு வருஷம் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை பார்த்தவன். எதை வாங்கினாலும் ஒப்பீட்டுப் பட்டியல் போடாமல் கை ஓடாது. ஒரு தாளில் கோடு கிழித்து இடது பக்கம் 'பழையது, இலவசம்' என்றும், வலது பக்கம் 'டிஜிட்டல், விலைக்கு' என்றும் எழுதினேன்.

முதல் வரி, எடை. அந்த மாதிரி நிற்கும் பியானோ 200 முதல் 250 கிலோ வரை இருக்கும். எங்கள் லிஃப்ட் ஆறு பேருக்கானது. உள்ளே 408 கிலோ என்று தகடு அடித்திருக்கிறது. எடை கணக்குக்கு வந்துவிடும், நீளம் வராது. ஒன்றரை மீட்டர் அகலப் பெட்டி அந்தக் கூண்டுக்குள் நுழையாது. மூன்று மாடிக்கும் படியில்தான் தூக்க வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஆறு பேர் மூச்சு வாங்கிக்கொண்டு திருப்ப வேண்டும்.

இரண்டாவது வரி, கடல். பியானோவுக்குள் இருநூற்றுச் சொச்சம் எஃகுக் கம்பிகள் உண்டு. அவை எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை 15 முதல் 20 டன் வரை. அதை ஒரு இரும்புச் சட்டம் தாங்குகிறது. கம்பிகளுக்குப் பின்னால் ஸ்ப்ரூஸ் மரத்தில் ஒரு ஒலிப்பலகை. காற்றில் ஈரம் ஏறினால் அந்தப் பலகை உப்பும், சுருதி ஏறும். ஈரம் குறைந்தால் இறங்கும். பியானோ சௌக்கியமாக இருக்க அறையில் ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தை ஒட்டி, ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்க வேண்டும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீட்டில் அது நடக்கிற காரியமா? உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும். வருஷத்துக்கு இரண்டு முறையாவது சுருதி சேர்க்க வேண்டும், அதற்கு ஆள் சென்னையிலிருந்து வர வேண்டும். டிஜிட்டலுக்குச் சுருதி சேர்க்கும் வேலையே கிடையாது.

இந்த இரண்டு வரியையும் பணம் செலவழித்துச் சமாளித்திருக்கலாம். மூன்றாவது வரிதான் முடிவு செய்தது.

எங்களுக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில் ஒரு நர்ஸ் அம்மா குடியிருக்கிறார். நாங்கள் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவோம். மாதத்தில் பாதி நாள் அவருக்கு இரவு டியூட்டி. காலை எட்டரைக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு, ஒன்பதரைக்குப் படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்பார். அவர் படுக்கை அறைக்கு மேலேதான் எங்கள் கூடம்.

ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அதில் வரையறை இருக்கிறது. இரவு என்றால் பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. மூடியைத் திறந்து ஒழுங்காக வாசித்தால் பியானோ இருக்கும் அறைக்குள் 80 டெசிபல் சாதாரணமாக வந்துவிடும். ஜன்னல் திறந்திருக்கும் நம் ஊர் வீட்டில் அது அறைக்குள் அடங்காது. ஆனால் எனக்கு அந்த எண்களைவிட நேரம்தான் உறுத்தியது. விதியின் இரவு பத்து முதல் ஆறு. சிஸ்டரின் இரவு ஒன்பதரை முதல் மூன்று. பகல் பதினொரு மணிக்குப் பேத்தி வாசித்தால் எந்த விதியும் அவளைத் தடுக்காது. அடுத்த ராத்திரி யாரோ ஒரு நோயாளிக்கு ஊசி போட வேண்டிய கை, தூக்கமில்லாத கையாக இருக்கும். நிஜப் பியானோவுக்கு ஒலியைக் குறைக்கும் திருகாணி கிடையாது. நடுப் பெடலை அழுத்தினால் கம்பிக்கும் சுத்திக்கும் நடுவே ஒரு ஃபெல்ட் துணி இறங்கும் வகைகள் உண்டு. அதிலும் சத்தம் குறையுமே தவிர நிற்காது.

நண்பனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"எங்கம்மா இருந்தா உன்னைத் திட்டியிருப்பாங்க" என்றான்.

"உங்கம்மா தனி வீட்டுல இருந்தாங்கடா. கீழே தரை, மேலே ஓடு" என்றேன்.

அது அவனுக்குப் புரிந்தது. வருத்தம் தீரவில்லை. பேத்திக்கும்தான். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டுக் காசு கொடுத்து 'பொம்மைப் பியானோ' வாங்குவது என்ன நியாயம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். ஆகவே வாங்குவது பொம்மையாக இருக்கக் கூடாது என்ற பொறுப்பு என் மேல் விழுந்தது.

இங்கே கொஞ்சம் பிரெஞ்சு பேச அனுமதிக்க வேண்டும். பள்ளியில் வாரம் ஒரு மணி நேரம் எங்களுக்கு 'சொல்ஃபேஜ்' உண்டு. தோ, ரே, மீ என்று ஸ்வரங்களைப் பார்த்துப் பாடும் பயிற்சி. வாத்தியம் கையில் கிடைக்காது, வாயால்தான் எல்லாம். அப்போது கற்ற ஒரு சொல் இப்போது உதவியது. பியானோவின் கட்டைக்குப் பிரெஞ்சில் 'துஷ்' என்று பெயர். தொடுவது என்ற வினையிலிருந்து வந்த சொல். வாசிப்பதையே அந்தக் காலத்தில் 'தொடுவது' என்றார்கள். ஃபிரான்சுவா குப்ரான் என்ற இசைமேதை 1716-இல் எழுதிய பாடநூலின் பெயர், 'கிளாவ்சான் தொடும் கலை'. கிளாவ்சான் பியானோவுக்கு முந்திய வாத்தியம். நாம் ஹார்மோனியத்துக்கும் பியானோவுக்கும் 'கட்டை' என்கிறோம், அது பொருளின் பெயர். பிரெஞ்சுக்காரன் விரல் செய்யும் வேலையைப் பெயராக வைத்துவிட்டான்.

டிஜிட்டல் பியானோவைத் தேர்ந்தெடுப்பதில் பாதி விஷயம் இந்தத் தொடுகையில்தான் இருக்கிறது. நிஜப் பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் அது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இறங்கும். அதற்குள் உள்ளே இருக்கும் சுத்தி எழும்பிக் கம்பியை அடித்துவிட்டுத் திரும்பும். மெல்ல அழுத்தினால் மெல்லிய ஒலி, வேகமாக அழுத்தினால் பெரிய ஒலி. 1700-ஐ ஒட்டி ஃபுளோரன்ஸ் நகரில் கிறிஸ்டோஃபோரி இதைச் செய்தபோது அதிசயமே இதுதான். மெல்லவும் உரக்கவும் வாசிக்க முடிகிற வாத்தியம் என்பதைக் குறிக்கும் 'பியானோ எ ஃபோர்தே' என்பதிலிருந்துதான் பெயரே வந்தது.

டிஜிட்டலில் கம்பி இல்லை. கட்டையின் அடியில் உணர்விகள் இருக்கின்றன. கட்டை ஒன்றைக் கடந்து அடுத்ததைத் தொட எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அளந்து, அதற்கேற்ற அளவில், முன்பே பதிவு செய்து வைத்த நிஜப் பியானோ ஒலியைக் கொடுக்கிறது. ஆக, ஒலி ஏற்கெனவே நல்லதுதான். விரலுக்குத் தெரிவது கட்டையின் கனம். மலிவான கீபோர்டில் கட்டைக்கு அடியில் ஸ்பிரிங் இருக்கும். 61 கட்டைதான் இருக்கும். நல்ல டிஜிட்டல் பியானோவில் ஸ்பிரிங்குக்குப் பதில் சின்னச் சுத்திகளை எடைக்காகவே வைத்திருப்பார்கள். 88 கட்டைகள், அதாவது 52 வெள்ளை, 36 கறுப்பு. இடது பக்கக் கட்டைகள் கொஞ்சம் கனமாகவும் வலது பக்கம் போகப் போக இலேசாகவும் இருக்கும், நிஜத்தில் இருப்பதுபோல. ஸ்பிரிங் கட்டையில் பழகிய குழந்தை நிஜப் பியானோவில் உட்கார்ந்தால் விரல் ஓடாது. கனமான கட்டையில் பழகினால் எங்கு போனாலும் வாசிக்கலாம்.

பேத்தியையும் கூட்டிக்கொண்டு சென்னை போனேன். இரண்டு மூன்று கடைகள் ஏறி இறங்கினோம். விற்பனைப் பையன்கள் எல்லாரும் முதலில் பொத்தானை அழுத்தி வயலின், புல்லாங்குழல், தபலா என்று காட்டத்தான் ஆசைப்படுகிறார்கள். நான் வேறு ஒன்று கேட்டேன்.

"தம்பி, இதை ஆஃப் பண்ணிடுங்க. சத்தமில்லாம வாசிச்சுப் பாக்கணும்."

"ஆஃப் பண்ணிட்டா எப்படி சார் கேக்கும்?"

"கேக்க வேணாம். விரலுக்குத் தெரியணும். எனக்கு டொக்கு டொக்குன்னு எவ்வளவு வருதுன்னு தெரியணும்."

பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆனால் ஃப்ளாட்டுக்கு வாங்குகிறவர்கள் செய்ய வேண்டிய பரிட்சை இதுதான். ஹெட்ஃபோன் போட்டுவிட்டால் சத்தமே இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். வாசிப்பவர் காதில் சங்கீதம், அறையில் அமைதி என்பது உண்மை. கட்டை அடியில் போய் முட்டும் சத்தம் மட்டும் மிச்சம் இருக்கும். அது காற்று வழியாக அதிகம் போவதில்லை. ஸ்டாண்டின் கால் வழியாக இறங்கி, கான்கிரீட் தளத்தில் ஏறி, கீழ்வீட்டுக் கூரையில் பேசும். மேல்வீட்டில் அம்மியில் இஞ்சி நசுக்கினால் கீழே கேட்பதும் இதே வழியில்தான்.

இதைக் கடைக்குப் போகும் முன்பே தெரிந்துகொண்டேன். எங்கள் குடியிருப்பில் அடுத்த பிளாக்கில் ஒரு கம்ப்யூட்டர் துறைத் தம்பி டிஜிட்டல் பியானோ வைத்திருக்கிறார். ராத்திரி ஹெட்ஃபோனில் வாசிப்பார். அவருக்குக் கீழ்வீட்டில் எனக்குத் தெரிந்த குடும்பம். ஒரு நாள் அவரை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கீழே போய் உட்கார்ந்தேன். ஃபேனை நிறுத்தியதும் தெளிவாகக் கேட்டது. சங்கீதம் இல்லை. யாரோ மேலே உட்கார்ந்து விட்டுவிட்டுப் பலகையைத் தட்டுவதுபோல. பக்கத்து வீட்டாரைக் கெடுக்கும் சத்தத்துக்குப் பிரெஞ்சில் 'தபாஜ்' என்று பெயர். தட்டுவது என்ற வினையிலிருந்து பிறந்த சொல். பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே கடையில் மெஷினை அணைத்துவிட்டு ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தோம். வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. சிலவற்றில் கட்டை கீழே முட்டும்போது பிளாஸ்டிக் ஓசை, சிலவற்றில் துணியில் விழுந்த மாதிரி மெத்தென்று. கட்டை மேலே திரும்பி வரும்போதும் ஒரு சத்தம் உண்டு. அதையும் கவனிக்க வேண்டும். பேத்தி கண்ணை மூடிக்கொண்டு மூன்றைத் தொட்டுப் பார்த்து ஒன்றைச் சொன்னாள். என் காதுக்கும் அதுதான் அமைதியாகப் பட்டது. பன்னிரண்டு கிலோ, ஒன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், முப்பது சென்டிமீட்டர் அகலம். லிஃப்டில் நானும் மாப்பிள்ளையும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே வந்துவிட்டோம்.

நூற்றுக்கணக்கான வாத்திய ஒலிகள், தானே தாளம் போடும் வசதி, மின்னும் விளக்குகள் எதற்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் எத்தனை ஸ்வரம் ஒலிக்க முடியும் என்று 64, 128, 192 என எண் போட்டிருப்பார்கள். பெடலை அழுத்திக்கொண்டு பெரிய உருப்படிகள் வாசிப்பவருக்கு அது முக்கியம். கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு 64 போதும். ஹெட்ஃபோன் கட்டாயம் ஒயர் வைத்ததாக இருக்கட்டும். புளூடூத்தில் கட்டையை அழுத்திக் கண நேரம் கழித்து ஒலி வரும், குழந்தைக்குத் தாளம் கெட்டுவிடும். ஒலித் திருகாணியைப் பாதிக்கு மேல் திருப்பக் கூடாது என்று பேத்தியிடம் சொல்லி, அதன் மேல் பென்சிலால் ஒரு கோடும் போட்டிருக்கிறேன்.

வீட்டில் வைக்கும் விதம் அடுத்த பாதி. எக்ஸ் வடிவ ஸ்டாண்ட் ஆடும். நாலு கால் உள்ள மர ஸ்டாண்டாக எடுத்தோம். அறை நடுவில் வைக்கவில்லை. தளத்தின் நடுப்பகுதிதான் அதிகம் அதிரும். தூணும் பீமும் சேரும் மூலையில் அதிர்வு குறைவு. கீழே ஜிம்மில் போடும் தடித்த ரப்பர் பாய், அதன்மேல் ஒரு பிளைவுட் பலகை, பலகையின் மேல் ஸ்டாண்ட். பெடலும் பலகை மேலேயே இருக்கிறது, டைல்ஸில் நழுவாது. சுவரைத் தொடாமல் நாலு விரல் இடைவெளி. கடல் காற்றுக்கும் பல்லிக்கும் தப்ப, வாசித்து முடித்ததும் ஒரு பருத்தி வேட்டியை மடித்துப் போர்த்திவிடுவாள்.

எல்லாம் முடிந்தபின் சிஸ்டரைப் போய்ப் பார்த்தேன். அவர் படுக்கை அறையில் நின்று கேட்க வேண்டும் என்று விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டார். மேலே பேத்தி ஹெட்ஃபோன் போட்டு வாசிக்க, நாங்கள் இரண்டு பேரும் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் ஒன்றும் இல்லை. உரக்க வாசிக்கும் இடத்தில் மட்டும் எங்கோ தூரத்தில் டொக், டொக்.

"இது என்னை எழுப்பாது சார். ஆனா பகல்ல யாரும் இவ்வளவு தூரம் வந்து கேட்டதில்ல" என்றார்.

டியூட்டி அட்டவணையைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புகிறார். அவர் இரவு டியூட்டி வாரங்களில் பேத்திக்கு மாலை நாலரை முதல் ஆறு வரை வாசிப்பு. மற்ற வாரங்களில் அவள் இஷ்டம், ராத்திரி ஒன்பது வரை.

நிஜப் பியானோவுக்கு இது ஈடு என்று நான் சொல்ல மாட்டேன். "அந்தப் பழசுல நெஞ்சுல வந்து இடிக்கும் தாத்தா, இதுல காதுல மட்டும்தான் வருது" என்று பேத்தி சொல்வது சரிதான். ஒலிப்பலகை அறையையே அதிர வைக்கும். ஹெட்ஃபோன் அதைச் செய்யாது. நண்பனின் அம்மா பியானோ தரைத்தளத்தில் குடியிருக்கும் ஒரு சங்கீத வாத்தியார் வீட்டுக்குப் போயிற்று. அவர் கட்டைகளைச் சரிசெய்து சுருதி சேர்த்து வைத்திருக்கிறார். சனிக்கிழமை தோறும் பேத்தி அங்கே போய் ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு வருகிறாள். ஒரு முறை அதை வீடியோ எடுத்து பிரான்சுக்கு அனுப்பினேன். "அந்த நாலாவது கட்டை இப்பவும் இழுக்குது" என்று மட்டும் பதில் வந்தது. கோபம் தணிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் முன்பு சிஸ்டர் படியில் நிறுத்தி ஒரு விண்ணப்பம் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு ஆஃப் சார். அன்னைக்கு மட்டும் பாப்பாவை அந்த ஹெட்ஃபோனைக் கழட்டிட்டு வாசிக்கச் சொல்லுங்க. வாரம் பூரா டொக்கு டொக்குன்னு கேக்கறேன், என்ன பாட்டுன்னே தெரியல."

இப்போது ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கூடத்து ஜன்னல்களைத் திறந்து வைக்கிறோம்.